கண்ணும் கமண்டலமும்

மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் வெள்ளீசுவரர் கோயில் என்று ஒரு கோயில் இருக்கிறது. கபாலீசுவரரைச் சேவிக்க வரும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் கண்ணில் கோளாறு வந்தவர்கள் மட்டும் மறக்காமல் அங்கே போவார்கள். சுக்கிரனுக்கு வெள்ளி என்று தமிழில் பெயர். அந்தச் சுக்கிரன் இழந்த கண்ணை வேண்டிப் பெற்ற ஸ்தலம் அது என்பது ஐதீகம்.

சுக்கிரனுக்குக் கண் போன கதை உங்களுக்குத் தெரியாததல்ல. மகாபலிச் சக்கரவர்த்தியிடம் வாமனர் வந்து மூன்றடி மண் கேட்டார். மகாபலி தாரை வார்த்துக் கொடுக்கக் கமண்டலத்தைத் தூக்கினான். வந்திருக்கும் குள்ளப் பிராமணன் யார் என்று குலகுருவான சுக்கிராச்சாரியாருக்குத் தெரியும். சொல்லிப் பார்த்தார், சீடன் கேட்கவில்லை. உடனே வண்டு உருவம் எடுத்துக் கமண்டலத்தின் மூக்கில் புகுந்து அடைத்துக்கொண்டார். தண்ணீர் விழவில்லை. வாமனர் ஒரு தர்ப்பைப் புல்லை எடுத்து மூக்குத் துவாரத்தில் குத்தினார். தண்ணீர் கொட்டிற்று, சுக்கிரனுக்கு ஒரு கண் போயிற்று.

இந்தக் கதையை நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதில் பிடித்த அம்சம் வேறு. ஒரு பாத்திரம், அதில் தண்ணீர், தண்ணீர் வெளியேற ஒரே ஒரு சிறிய மூக்கு. மூக்கை எதுவோ அடைத்துக்கொள்கிறது. பிறகு அடைப்பைக் குத்தித் திறக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போகிற சமாசாரம் முழுவதும் இவ்வளவுதான். நம் ஒவ்வொருவருடைய கண்ணும் அப்படிப்பட்ட ஒரு கமண்டலம். கண்ணின் நிறத்தை மாற்றிக்கொள்வதற்காகச் சிலர் இப்போது கைநிறையப் பணம் கொடுத்து அந்த மூக்குக்குள் வண்டை விட்டுக்கொள்கிறார்கள்.

*

நிறம் மாற்றும் ஆசை நம்மிடையே எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். பழைய தமிழ்க் கவிகள் பெண்ணின் கண்ணைக் கயல் என்றார்கள், குவளை என்றார்கள், மாவடு என்றார்கள், வேல் என்றார்கள். எல்லாம் வடிவத்தையும் ஓட்டத்தையும் கூர்மையையும் பற்றிய பேச்சு. நிறம் என்று வந்தால் கறுப்பு ஒன்றுதான். மையிட்டு அந்தக் கறுப்பை இன்னும் கறுப்பாக்கினார்களே தவிர, வேறு சாயம் பூச யாரும் நினைக்கவில்லை. பரதருடைய நாட்டிய சாஸ்திரம் முப்பத்தாறு வகைப் பார்வைகளை வகுத்துச் சொல்கிறது. 1936-ல் ருக்மிணி தேவி அடையாறில் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அங்கே எத்தனையோ பெண்கள் கண்ணைச் சுழற்றவும் தாழ்த்தவும் ஓரத்தில் நிறுத்தவும் மாதக்கணக்கில் பழகியிருக்கிறார்கள். முப்பத்தாறில் ஒன்றுகூட நிறத்தைப் பற்றியதல்ல.

சாம்பல் நிறமோ பச்சை நிறமோ உள்ள கண்களுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் பூனைக்கண். பெயரிலேயே பிரியம் இல்லை என்பது தெரிகிறதல்லவா? பெண் பார்க்கப் போன இடத்தில் “எல்லாம் சரி, பூனைக்கண்ணாக இருக்கிறதே!” என்று உதட்டைப் பிதுக்கிய மாமிகள் நம் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். இன்று அதே மாமிகளின் பேத்திகள் பாண்டி பஜாரில் கண்ணாடிக் கடை வாசலில் நின்று, முகூர்த்தத்துக்குச் சாம்பல் நிற லென்ஸா, தேன் நிற லென்ஸா என்று தர்க்கம் செய்கிறார்கள். காலம் செய்யும் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று. லென்ஸோடு நின்றுவிட்டால் நானும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் நிற்கவில்லை.

*

முதலில் கண் ஏன் நீலமாக இருக்கிறது என்று பார்க்கலாம். நீலக் கண்ணில் நீலச் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான். கண்ணுக்குள் ஐரிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் வண்ணத்திரை ஒன்று இருக்கிறது. நடுவில் ஓட்டையுள்ள வட்டத்திரை. அந்த ஓட்டைதான் பாப்பா. திரையில் உள்ள சாயம் எல்லோருக்கும் ஒன்றே. தோலைக் கறுப்பாக்கும் அதே மெலனின். நம் கண்ணில் திரையின் முன்பகுதியில் அது ஏராளமாக இருக்கிறது. ஐரோப்பாவின் வடக்கே உள்ளவர்களுக்கு அங்கே மிகவும் குறைவு. சாயம் இல்லாத இழைகளுக்குள் புகும் ஒளி சிதறுகிறது. நீல ஒளி அதிகமாகச் சிதறித் திரும்பி வருகிறது. வானம் நீலமாகத் தெரிவதற்கும் அதே மாதிரி ஒளிச் சிதறல்தான் காரணம். மாநிலக் கல்லூரி ஜன்னல் வழியாக வங்காள விரிகுடாவைப் பார்த்துப் படித்த சி.வி. ராமன் 1921-ல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து மலைத்தார். வானத்தின் நிழல் மட்டுமே அந்த நீலம் என்று பெரியவர்கள் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டினார். சிதறும் ஒளியை விடாமல் துரத்தியதில் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே நீலக் கண் என்பது ஒரு சாயம் அல்ல, ஒரு சாயத்தின் குறைவு. அதை நம் கண்ணில் உண்டாக்க மூன்றே வழிகள்தான் மனிதனுக்குத் தோன்றியிருக்கின்றன. இருக்கிற சாயத்தைச் சுட்டு அழிப்பது. முன்னால் வேறு சாயத்தைப் பூசுவது. திரைக்கு முன்னால் இன்னொரு திரையைத் தொங்கவிடுவது. மூன்றுக்கும் தனித்தனிச் சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது.

*

1819-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ராபர்ட் ரிச்சர்ட்ஸன் என்ற டாக்டரைச் சென்னைக்கு அனுப்பினார்கள். மயிலாப்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ராயப்பேட்டையில், ஒரு கண் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1805-ல் லண்டனில் ஏற்பட்ட மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே பழமையான கண் ஆஸ்பத்திரி என்று அதைச் சொல்வார்கள். 1884-ல் அது எழும்பூருக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி என்றால் ஆட்டோக்காரர் மேற்கொண்டு விலாசம் கேட்க மாட்டார்.

1904-ல் அந்த ஆஸ்பத்திரிக்குத் தலைவராக வந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். இவரைப் பற்றி ஒரு நாவலே எழுதலாம். ராணுவ வைத்தியப் பதவி. நல்ல பாம்பின் விஷத்தைப் பற்றி ஆராய்ச்சி. போதாக்குறைக்கு ஜாலவித்தையில் மோகம். சீமைக்குத் திரும்பிய பிறகு லண்டனில் உள்ள ஜாலவித்தைக்காரர் சங்கத்தின் மாந்திரீக விசாரணைக் குழுவுக்குத் தலைவரானார். இந்தியாவில் கயிற்றை ஆகாயத்தில் எறிந்து அதன்மேல் பையனை ஏறச் செய்கிறார்களே, அது வெறும் கட்டுக்கதை என்று 1934-ல் பிரசித்தமாக அறிவித்தார். வெட்டவெளியில் செய்து காட்டுகிறவருக்கு 500 கினி பரிசு என்றும் அந்தச் சங்கம் சொல்லிற்று. பரிசை யாரும் வாங்கவில்லை.

ஏமாற்று வித்தையை மோப்பம் பிடிக்கும் இந்த மனிதருக்குச் சென்னையில் நல்ல வேட்டை கிடைத்தது. அந்தக் காலத்தில் கிராமம் கிராமமாகச் சுற்றிக் கண் புரைக்கு வைத்தியம் செய்பவர்கள் இருந்தார்கள். சுசுருதர் காலத்து முறை அது. ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி, வெளுத்துப்போன லென்ஸை இடத்திலிருந்து தள்ளிக் கண்ணின் உட்பள்ளத்தில் விழச் செய்வது. கத்தி இல்லை, பெரிய ரத்தம் இல்லை. வருஷக்கணக்காகக் குருடாயிருந்த கிழவர் அந்த நிமிஷமே, “விரல் தெரிகிறது! பேரன் முகம் தெரிகிறது!” என்று கூத்தாடுவார். ஊரே கண்ணீர் வடிக்கும். வைத்தியர் நெல்லோ, பணமோ, வேஷ்டியோ வாங்கிக்கொண்டு கண்ணைக் கட்டிவிட்டுப் போவார். கட்டை அவிழ்க்கும் நாளில் அவர் இரண்டு தாலுக்கா தாண்டியிருப்பார்.

கட்டை அவிழ்த்த பிறகு நடந்ததைப் பார்த்தவர் எலியட். அப்படித் தள்ளப்பட்ட கண்களோடு எழும்பூருக்கு வந்தவர்களை, எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை, ஒவ்வொருவராகப் பரீட்சித்துக் குறித்துவைத்தார். குருடாகி எடுக்கப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட விழிகளைத் திரவத்தில் பாதுகாத்து அறுத்துப் பார்த்தார். 1917-ல் லண்டன் ராயல் சர்ஜன்கள் கல்லூரியில் இதைப் பற்றிச் சொற்பொழிவுகள் செய்து புத்தகமாகவும் போட்டார். பெரும்பாலான கண்கள் நாசமாகியிருந்தன. ஒன்று, உள்ளே அழற்சி கண்டு சுருங்கியிருக்கும். இல்லாவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக் கல்லாக இறுகியிருக்கும். முதல் நாளின் ஆச்சரியம் உண்மை. ஆறாவது மாசத்தின் இருட்டும் உண்மை. முதலாவதைப் பார்த்தவர்கள் ஊரார்; இரண்டாவதைப் பார்த்தவர் எழும்பூர் டாக்டர். இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ளாத வரையில் அந்தத் தொழிலுக்குக் குறைவே இல்லை.

இந்தக் கண் அழுத்தம் என்ன? கமண்டலத்துக்கு வருகிறேன். கண்ணின் முன்புறத்தில் வெளியே கார்னியா என்ற தெளிவான கண்ணாடி, உள்ளே வண்ணத்திரை. இரண்டுக்கும் நடுவே சுமார் மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு சிற்றறை. அதில் எப்போதும் ஒரு தெளிந்த தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு சொட்டில் இருபதில் ஒரு பங்குதான். ஆனாலும் நிற்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அறைத் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் புதிதாகிவிடும். ஊறுகிற தண்ணீர் வெளியேற வேண்டுமே? கார்னியாவும் வண்ணத்திரையும் சந்திக்கும் மூலையில், வட்டம் முழுவதும், சல்லடை போன்ற ஒரு வடிகால். அதுதான் மூக்கு. அது அடைபட்டால் அழுத்தம் ஏறும். பாதரச அளவில் பத்துக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே இருக்க வேண்டியது முப்பது, நாற்பது என்று போகும். கண்ணுக்குப் பின்னால் மூளைக்குச் செல்லும் நரம்பு நசுங்கிச் செத்துக்கொண்டே வரும். செத்த நரம்பு மறுபடி பிழைப்பதில்லை. கிளாக்கோமா என்பது இதுதான். பெரும்பாலும் வலிகூட இராது. பார்வை ஓரத்திலிருந்து திருட்டுப் போகும்; நடுவீட்டுக்குத் திருடன் வந்த பிறகுதான் தெரியும்.

1909-ல் எலியட் எழும்பூரில் இதற்கு ஒரு சிகிச்சை கண்டுபிடித்தார். கார்னியாவின் ஓரத்தில், மேல்தோலைச் சிறிது விலக்கி, ஒரு சின்ன வட்டத் துரப்பணத்தால் சுமார் இரண்டு மில்லிமீட்டர் துவாரம் போட்டார். தண்ணீர் அதன் வழியே கசிந்து தோலடியில் வற்றிவிடும். வாமனரின் தர்ப்பைப் புல் என்றே சொல்லலாம். சென்னையில் பிறந்த அந்த ரண சிகிச்சை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. பல தசாப்தங்கள் அதன் ராஜ்யம்தான். 1968-ல் கேம்பிரிட்ஜில் கெய்ர்ன்ஸ் என்ற டாக்டர் அதைவிடப் பத்திரமான முறையை வகுத்தபோதும் மூலதத்துவம் மாறவில்லை. ‘மெட்ராஸ் ஐ’ என்ற பெயரை மட்டும் உலகத்துக்குக் கொடுத்த ஊர் என்று நம்மைக் கேலி செய்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

*

இனி நிறத்தின் சரித்திரம்.

சாயம் பூசுகிற வித்தைதான் மூன்றிலும் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற ரோமாபுரி வைத்தியர், கண்ணில் விழுந்த வெள்ளைத் தழும்பைச் சூடுபடுத்தி, துத்தமும் மாசிக்காயும் போட்டுக் கறுப்பாக்கும் முறையை எழுதியிருக்கிறார். பிறகு நெடுங்காலம் பேச்சில்லை. சுமார் 1870-ல் பாரிஸில் லூயி தெ வெக்கர் என்பவர் கார்னியாவில் ஊசியால் மை குத்தினார். நம்முடைய பச்சைக் குத்துக்காரிகள் கையில் செய்ததை அவர் கண்ணில் செய்தார், அவ்வளவுதான். அவர் உபயோகித்தது ‘இந்திய மை’ என்று பெயர் பெற்ற சீனாக்காரர் மை. பெயர் மட்டும்தான் நமக்கு.

இதை நான் குறை சொல்ல மாட்டேன். ‘கண்ணிலே பூ விழுந்தது’ என்று நாம் சொல்வோமே, அந்தப் பூ எத்தனை பேருடைய வாழ்க்கையைக் கருக்கியிருக்கிறது! பெரியம்மை வந்து பிழைத்த குழந்தைக்குப் பூ. சத்துக் குறைவால் கண் வறண்ட குழந்தைக்குப் பூ. அறுவடையின்போது நெல்லின் சுணை பட்ட கூலிக்காரிக்குப் பூ. பார்வை போனது போதாதென்று, எதிரே வந்தால் சகுனத் தடை என்றும் சொல்லி வைத்தோம். அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் குருட்டு விழியில் கறுப்பு வட்டம் ஒன்று எழுதிக் கொடுத்த டாக்டர் அவளுக்குக் கண்ணைக் கொடுக்கவில்லை, வாசலைத் தாண்டி வீதிக்கு வரும் தைரியத்தைக் கொடுத்தார். பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. அந்தப் பூக்களும் அநேகமாக மறைந்துவிட்டன.

ஆனால் அது பார்வையற்ற கண்ணில் செய்த காரியம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இழப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இரண்டாவது சரித்திரம் யுத்தத்தில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானிகளின் கண்ணில், விமானத்தின் மேற்கூரை உடைந்து பிளாஸ்டிக் சிலாம்புகள் ஏறின. அவை கண்ணுக்குள் சாதுவாகத் தங்கிவிட்டதை லண்டனில் ஹாரல்ட் ரிட்லி கவனித்தார். அதே பிளாஸ்டிக்கால் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29-ம் தேதி ஒரு புரை நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் புரை ஆபரேஷன் செய்துகொண்டு மறுநாள் ஹிந்துப் பத்திரிகை படிப்பது இவருடைய புண்ணியம்.

ரிட்லி லென்ஸை வைத்தது வண்ணத்திரைக்குப் பின்னால், இயற்கை லென்ஸ் இருந்த இடத்தில். அது கஷ்டமான வேலை. திரைக்கு முன்னால் உள்ள சிற்றறையில் வைத்தால் சுலபமல்லவா என்று 1953-ல் இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி ஆரம்பித்தார். பலர் பின்பற்றினார்கள். முதல் ஆண்டில் எல்லாம் பிரமாதம். சில ஆண்டுகள் கழிந்ததும் கார்னியா ஒவ்வொன்றாகக் கலங்க ஆரம்பித்தது. பார்சிலோனாவில் பராக்கர் என்ற பெயர்பெற்ற டாக்டர் தாம் அப்படி வைத்த நானூற்றுச் சொச்சம் லென்ஸ்களில் சுமார் பாதியைத் தாமே திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. வைத்தவரே எடுத்தார், எடுத்ததை வெளியிலும் சொன்னார். அவர் பெரிய மனிதர்.

கலங்கியதற்குக் காரணம் இது. கார்னியாவின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாகச் செல்கள் பரவியிருக்கின்றன. சதுர மில்லிமீட்டருக்கு இரண்டாயிரத்தைந்நூறு, மூவாயிரம் இருக்கும். கார்னியாவில் நீர் கோத்துக்கொள்ளாமல் ராப்பகலாக இறைத்துக் கொட்டுவது இவற்றின் வேலை. கிணற்றடியில் ஏற்றம் இறைக்கும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: இந்த ஆட்களில் ஒருவன் செத்தால் அவன் இடத்துக்கு வேறு ஆள் பிறப்பதில்லை. பக்கத்தில் இருப்பவன் காலை நீட்டி அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வான். ஐந்நூறுக்குக் கீழே போனால் சமாளிக்க முடியாது. கண்ணாடி பனி படர்ந்ததாகிவிடும். சிற்றறையில் ஆடும் அந்நியப் பொருள் ஒன்று இந்த வரிசையை உரசினால் போதும்.

இவ்வளவும் 1950-களிலேயே விலை கொடுத்துக் கற்ற பாடம். அரை நூற்றாண்டு கழித்து, இந்த நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில், பனாமாவில் ஒருவர் நீலத்திலும் பச்சையிலும் மெல்லிய சிலிக்கோன் வட்டுகள் செய்து அதே சிற்றறையில், நல்ல கண்களில், வைக்கத் தொடங்கினார். நடுவில் பாப்பாவுக்கு ஒரு நிரந்தர ஓட்டை. கார்னியாவின் ஓரத்தில் சின்னக் கீறல். மடித்து உள்ளே நுழைத்தால் விரிந்து வண்ணத்திரையை மூடிக்கொள்ளும். கால் மணி நேர வேலை. கறுப்புக் கண்ணோடு போனவர் கடல் நீலக் கண்ணோடு வெளியே வருவார்.

வட்டு எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். அதன் விளிம்பு ஊன்றிக்கொள்வது மூலையில் இருக்கும் சல்லடை வடிகாலின்மேல். முன்பக்கம் ஏற்றம் இறைக்கும் செல்களை உரசுகிறது. பின்பக்கம் இயற்கைத் திரையைத் தேய்க்கிறது. தேய்ந்த திரையிலிருந்து சாயம் உதிர்ந்து தண்ணீரோடு மிதந்து போய் வடிகாலில் சேர்கிறது. திரை அழற்சி கொள்கிறது. லென்ஸ் புரையாகிறது. சுக்கிராச்சாரியார் ஒரு வண்டாகத்தான் போனார். இங்கே வட்டமாக முழு மூக்கையும் அடைக்க ஏற்பாடு.

2008 முதல் மருத்துவச் சஞ்சிகைகளில் இந்தக் கண்கள் வரிசையாக வரத் தொடங்கின. ஒருவருக்கு அழுத்தம், ஒருவருக்குக் கார்னியா கலக்கம், ஒருவருக்கு இரண்டும். பெரும்பாலும் வயது இருபது, முப்பது. ஆபரேஷன் நடந்த தேசம் ஒன்று. கண் கெட்டு வந்து நின்ற தேசம் வேறு. இதைப் படித்தபோது எனக்கு எலியட் ஞாபகம்தான் வந்தது. அன்று வைத்தியர் ஊரைவிட்டுப் போனார். இன்று நோயாளியே விமானம் ஏறிப் போய்விடுகிறார். முதல் நாள் போட்டோவை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். ஆறாம் மாசத்தைப் பார்ப்பவர் வேறோர் ஊர் டாக்டர்.

வண்ணத்திரையே இல்லாமல் பிறக்கிறவர்களும் விபத்தில் அதை இழந்தவர்களும் இருக்கிறார்கள். வெளிச்சம் அவர்களுக்குச் சித்திரவதை. அவர்களுக்காக ஜெர்மானியர் செய்த செயற்கைத் திரையை அமெரிக்க சர்க்கார் 2018-ல் அங்கீகரித்தது. அது நோய்க்கு மருந்து. நிறத்துக்காக நல்ல கண்ணில் வைக்க எந்த வட்டையும் அந்த சர்க்கார் அங்கீகரிக்கவில்லை.

*

அடையாறு காந்தி நகரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. ஒரு நாள் காலையில் தம் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ கம்பெனியில் கை நிறையச் சம்பளம் வாங்கும் பெண். நல்ல கறுப்புக் கண். அப்பாவைப் பார்க்கும்போது மட்டும் அதில் கொஞ்சம் தீப்பொறி.

“நீங்களே சொல்லுங்கள், சார். கண்ணைச் சாம்பல் நிறமாக்கிக்கொள்ள வெளிதேசம் போகிறாளாம். டிக்கெட் வாங்கிவிட்டாள்!”

“மாமா, அப்பா சொல்கிற மாதிரி இது பைத்தியக்காரத்தனம் இல்லை. லேசர்தான். கத்தியே கிடையாது” என்றாள் பெண்.

நான் உபதேசம் செய்யவில்லை. உபதேசத்துக்குப் பயந்துதானே டிக்கெட்டை முதலில் வாங்கியிருக்கிறாள்? எனக்குத் தெரிந்த மயிலாப்பூர்க் கண் டாக்டரிடம் இருவரையும் அழைத்துப் போனேன். டாக்டர் ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூலையைக் காட்டும் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அங்கே தெரிந்ததைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். மங்கிய பழுப்பில் ஒரு மெல்லிய வளையம். “இவ்வளவுதான் அம்மா உன் வடிகால். திரையிலே இருக்கிற சாயத்தை லேசரால் சுட்டால் அது ஆவியாகி ஆகாயத்துக்குப் போகாது. பொடியாகித் தண்ணீரில் விழும். தண்ணீர் இந்த வழியாகத்தான் போகணும்” என்றார்.

“அந்தப் பொடியை உடம்பே கரைத்துவிடும் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்களே, டாக்டர்?”

“கொஞ்சம் கரைக்கும். நம் கண்ணில் சாயம் கொஞ்சமா இருக்கு?”

கண்ணுக்குள் சாயம் தானாகவே உதிர்ந்து வடிகாலை அடைத்து உண்டாகும் ஒருவகைக் கிளாக்கோமாவை 1949-லேயே அமெரிக்காவில் சுகர், பார்பர் என்ற இருவர் விவரித்துவிட்டார்கள். இயற்கை சிலருக்குச் செய்யும் கெடுதலைப் பணம் கட்டிச் செய்துகொள்வதுதான் லேசர் முறை என்று டாக்டர் விளக்கினார். பெண் திரையில் தெரிந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது லஸ் முனை வரையில் யாரும் பேசவில்லை. டிக்கெட்டை அவள் ரத்து செய்தாள். அப்பா சொல்லியோ நான் சொல்லியோ அல்ல. “அந்த வளையம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, மாமா” என்றாள் பின்னொரு நாள்.

*

இப்போது புதிதாக வந்திருப்பது தெ வெக்கரின் பழைய மை குத்தும் வித்தைக்கு லேசர் வேஷம். கார்னியாவின் பருமனுக்குள் லேசரால் வளையமாக ஒரு சுரங்கம் வெட்டி அதில் வண்ணத்தைச் செலுத்துகிறார்கள். பிரான்ஸில் ஆரம்பித்து அமெரிக்கா வரையில் பரவியிருக்கிறது. சிற்றறைக்குள் போகாததால் வட்டைவிட அபாயம் குறைவு என்று செய்பவர்கள் சொல்கிறார்கள். குறைவு என்பது இல்லை என்று அர்த்தமாகாது. வெளிச்சம் கூசுவது, கிருமி தொற்றுவது, சாயம் கசிவது, கார்னியாவின் வடிவம் கோணுவது எல்லாம் உண்டு. இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஐம்பது வயதில் சர்க்கரை வியாதி வந்து, கண்ணின் பின்சுவரைப் பார்க்க டாக்டர் விளக்கை நீட்டினால், ஜன்னலில் பாதியை அடைத்துக்கொண்டு இருபது வயதுச் சாயம் நிற்கும். சர்க்கரைக்குப் பேர்போன ஊர் நம்முடையது. 2024 ஜனவரியில் அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி, வட்டையும் இந்த மை குத்தலையும் சேர்த்தே, வெறும் அழகுக்காகச் செய்துகொள்ள வேண்டாம் என்று எச்சரித்தது.

பாண்டி பஜார் லென்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாக்டர் அளவெடுத்துக் கொடுத்து, அதற்குரிய திரவத்தில் கழுவி, ராத்திரி கழற்றி வைத்தால் அது சாது. ஆனால் கல்யாண மண்டபத்தில் மணப்பெண் போட்டுக் கழற்றியதை வரவேற்புக்குத் தோழி போட்டுக்கொள்வதும், குழாய்த் தண்ணீரில் அலம்புவதும் நடக்கிறது. குழாய்த் தண்ணீரில் அக்காந்தமீபா என்று ஒரு நுண்ணுயிர் குடியிருக்கக்கூடும். கார்னியாவில் இடம் பிடித்தால் அது மாதக்கணக்கில் கிளம்பாது. வலி சொல்லி முடியாது. சென்னையின் லாரித் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

வட்டு வைத்துக்கொண்டவர்களின் கதைக்குத் திரும்புகிறேன். கண் கெட ஆரம்பித்தால் வட்டை எடுத்துவிட வேண்டும். எடுப்பது வைப்பதைவிடக் கடினம், திரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் நிற்காவிட்டால் எலியட் வம்சத்து ஆபரேஷன் ஒன்று. புரை வந்திருந்தால் ரிட்லி வம்சத்து ஆபரேஷன் ஒன்று. ஏற்றம் இறைக்கும் ஆட்கள் செத்துப்போயிருந்தால் மாற்றுக் கார்னியா வைக்க வேண்டும். அதைத் தொழிற்சாலையிலிருந்து வாங்க முடியாது. இறந்துபோன ஒருவர் கொடுத்தால்தான் உண்டு.

1905-ல் எட்வர்ட் ஸிர்ம் என்பவர் மொராவியாவில் முதன்முதலாக ஒரு மனிதக் கார்னியாவை இன்னொருவர் கண்ணில் வெற்றிகரமாகப் பொருத்தினார். இந்தியாவில் முதல் கண் வங்கியை 1945-ல் டாக்டர் ஆர்.ஈ.எஸ். முத்தையா ஏற்படுத்தினார்; அதே எழும்பூர் ஆஸ்பத்திரியில்தான். 1948-ல் அங்கே கார்னியா மாற்றுச் சிகிச்சையும் செய்தார். பூ விழுந்த கண்ணுக்குக் கறுப்பு மை குத்துவதற்குப் பதிலாகப் பார்வையையே திருப்பித் தரலாம் என்று ஆயிற்று. அதற்குப் பிறகு நம் ஊரில் எத்தனையோ கண் ஆஸ்பத்திரிகள் பெருகிவிட்டன. 1978-ல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவுக்கு வடக்கே வங்காளத்திலிருந்துகூட ரயில் ஏறி வருகிறார்கள். ஆனால் கொடுப்பவர்கள் இன்னும் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். வயலில் சுணை பட்டவளும் பட்டாசில் கண் இழந்த பையனும் அந்த வரிசையில் இருக்கிறார்கள்.

கண் தானம் செய்யச் சம்மதிக்கும் குடும்பத்தாரும், பெற்றுக்கொள்பவர்களும் கூச்சத்தோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு என்று அந்த மயிலாப்பூர் டாக்டர் சொன்னார். கொடுத்தவருக்குப் பூனைக்கண்ணாக இருந்தால் வாங்குபவருக்கும் பூனைக்கண் வந்துவிடுமா? வராது. மாற்றி வைப்பது முன்னால் இருக்கும் கார்னியாவை மட்டும்தான். அது தண்ணீரைப்போல நிறமில்லாதது. பின்னால் திரை அவரவருடையதாகவே இருக்கும்.